கண்ணாடிப் பேழைக்குப் பின்னால்: நூதனசாலையில் ஒரு பொருள் காட்சிக்கு வரும் கதை

எகிப்தின் தலைநகராகிய கெய்ரோவில், எகிப்திய நூதனசாலையில், 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே ஒரு விபத்து நிகழ்ந்தது. காட்சிப் பேழையொன்றின் விளக்குகளைச் சீர்செய்யும் பணியிற் சிலர் ஈடுபட்டிருந்தனர். அப்பணியின்போது பேழையில் இருந்த பொருளின் ஒரு பகுதி கழன்றுவிட்டது. அது சாமானியமான பொருளன்று. ஏறக்குறைய 3,300 ஆண்டுகளுக்கு முன் இளவயதிலேயே மாண்ட துட்டன்காமுன் என்னும் மன்னனின் பொன் முகக்கவசமே அது. கழன்றது அம்முகத்தின் நீண்ட தாடி.

தனியே செய்து பொருத்தப்பட்ட தாடியாதலின், அது கழன்றமை அத்துணைப் பெரிய கேடன்று. கேடு அதன் பின்னரே விளைந்தது. அவசரத்தில் எப்பொக்சி என்னும் வன்பசையைத் தடவி அதனை ஒட்டிவிட்டனர். தாடிக்கும் மோவாய்க்கும் இடையே பசை வழிந்து உறைந்தது. உறைந்ததைச் சுரண்டியபோது பொன்னின்மீது கீறலும் விழுந்தது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்செய்தி வெளியாகி உலகெங்கும் பரவிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில், ஜெர்மானிய வல்லுநர் கிறிஸ்ரியன் எக்மன் தலைமையில் ஒரு குழுவினர், மரத்தாலான கருவிகளைக் கொண்டு அப்பசையைச் சிறிது சிறிதாக நீக்கினர். பின்னர் தாடியை மீண்டும் பொருத்துவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது தேன்மெழுகு. பண்டை எகிப்தியர் கையாண்ட பொருளும் அதுவே.

இவ்விடத்தில் எவருக்கும் ஓர் ஐயம் எழும். வன்பசையோ தேன்மெழுகோ, எது வலியது? வன்பசைதான் என்பதிற் சந்தேகமில்லை. அப்படியாயின் உலகப் புகழ் பெற்ற வல்லுநர்கள் வலியதை விலக்கி மெலியதை ஏன் நாடினர்? இவ்வினாவுக்கு விடை கண்டால், நூதனசாலையில் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் கலையின் உட்பொருளையே கண்டவராவோம். நாளைக்கு வேண்டும்போது மெழுகை நீக்கிவிடலாம். வன்பசையை எளிதில் நீக்க இயலாது. இன்று நாம் செய்வதை நாளை வருபவர் தீங்கின்றி நீக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பதே இத்தொழிலின் முதல் விதி. பொருள் ஆயிரம் ஆண்டு வாழ்வது. கண்காட்சியோ ஆறு மாதத்தில் முடிவது. ஆறு மாதத்துக்காக ஆயிரம் ஆண்டைப் பணயம் வைத்தல் தகுமோ?

பாடசாலைச் சுற்றுலாவிலே நூதனசாலைக்குச் செல்லும் மாணவர், பேழையுள் இருக்கும் பொருளைக் காண்பர். அருகிலுள்ள குறிப்பைப் படிப்பர். அடுத்த பேழைக்கு நகர்வர். அப்பொருள் அங்கே எவ்வாறு வந்து நின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அந்தக் கதையை இங்கே ஒருவாறு சொல்ல முயல்வோம்.

தொடுவதற்கு முன்

காட்சிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட பொருளை எடுத்த எடுப்பிலே ஒருவரும் தொடுவதில்லை. முதலில் அதன் நிலையைப் பற்றிய பத்திரம் ஒன்று எழுதப்படும். நோயாளியை வைத்தியர் பரிசோதித்துக் குறிப்பெழுதுவது போன்றது அது. நீளம், அகலம், உயரம், நிறை ஆகியவற்றோடு, எங்கே வெடிப்புண்டு, எங்கே முன்னர் ஒட்டியிருக்கிறார்கள், எங்கே நிறம் உதிர்கிறது என்பனவும் அதில் இடம்பெறும். எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் பிடிக்கப்படும். கண்காட்சி முடிந்து பொருள் திரும்பும் நாளில் இப்பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி, ஒரு கீறல் பழையதோ புதியதோ என்று எவராலும் கூற முடியாது.

அடுத்தது பாரம் எங்கே நிற்கிறது என்று அறிவது. மண்பானையொன்று பார்வைக்குச் சமமாகத் தோன்றினும் ஒரு பக்கம் தடித்திருக்கலாம். சிலையொன்றின் நீட்டிய கரம் முழு நிறையையும் முன்னே இழுக்கலாம். இதனை அறியாமல் தூக்குபவர் பொருள் எப்பக்கம் சரியும் என்பதையும் அறியார்.

தூக்கும் முறைக்கும் விதிகள் உண்டு. பானையையோ கிண்ணத்தையோ கைபிடியிலும் விளிம்பிலும் பற்றித் தூக்குதல் கூடாது. அவை பெரும்பாலும் பின்னர் ஒட்டப்பட்ட பகுதிகள். முதலிற் கழல்வனவும் அவையே. ஒரு கை அடியிலும் மறு கை பக்கத்திலும் இருத்தல் வேண்டும். பொருளைத் தூக்குமுன், அதனை வைக்கப்போகும் இடத்தை ஒழுங்கு செய்திருக்க வேண்டும்; இடையிலுள்ள கதவுகளைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பொருளைக் கையில் ஏந்திக்கொண்டு இடந்தேடி அலைபவரே விபத்தைத் தேடி அலைபவர்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. உலோகப் பொருள்களைத் தொடுவோர் கையுறை அணிதல் அவசியம். வியர்வையில் உள்ள உப்பும் அமிலமும் வெள்ளியிலும் செம்பிலும் விரற்பதிவை நிலையாகப் பொறித்துவிடும். ஆனால் பழைய காகிதத்தையும் ஏட்டையும் தொடுவதற்குக் கழுவி உலர்த்திய வெறுங்கையே சிறந்ததென இன்றைய வல்லுநர் பலர் கருதுகின்றனர். கையுறை விரலின் உணர்ச்சியைக் குறைத்துவிடுகிறது. உணர்ச்சி குறைந்த விரல் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்துவிடுகிறது.

தாங்கி என்னும் மறைபொருள்

அடுத்து வருவதே இத்தொழிலில் மிக நுட்பமான கட்டம். அடி உருண்ட பானை தானாக நில்லாது. உடைந்த சிலையின் தலை மட்டும் கிடைத்திருப்பின் அது எதன்மேல் நிற்கும்? வாளையும் தட்டையும் நிமிர்த்தி வைப்பது எங்ஙனம்? இவற்றுக்கெல்லாம் தாங்கி செய்தாக வேண்டும். இதற்கெனவே பயின்ற கைவினைஞர் பெரிய நூதனசாலைகளில் உளர்.

அவர்கள் பெரிதும் விரும்பும் உலோகம் பித்தளை. அது துருப்பிடிப்பதில்லை, சூடேற்றினால் இளகி வளையும், ஆறியபின் உறுதியாய் நிற்கும். முதலில் மெல்லிய கம்பியைப் பொருளின் வளைவுக்கு ஏற்ப வளைத்து அச்செடுப்பர். பின்னர் அந்த அச்சின்படி பித்தளைக் கம்பியை வளைத்து, நகைத் தொழிலாளர் செய்வது போலப் பற்றாசு வைத்துப் பிணைப்பர். நெருப்போடு செய்யும் இவ்வேலை பொருளுக்கு அருகில் ஒருபோதும் நடைபெறுவதில்லை. பொருள் ஓரிடத்தில் இருக்க, கைவினைஞர் பட்டறைக்கும் பொருளுக்கும் இடையே பத்துத் தடவை நடந்து பொருத்தம் பார்ப்பார். பொருந்திய பின், பொருளைத் தொடும் இடங்களிலெல்லாம் மெத்தென்ற உறை இடப்படும். இறுதியாக, பொருளின் நிறத்தையே ஒத்த நிறம் தாங்கிக்குத் தீட்டப்படும். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குப் பானை தானே நிற்பதாகத் தோன்றும்.

நல்ல தாங்கி பொருளை இறுகப் பற்றுவதன்று, ஏந்தி நிற்பது. குழந்தையைத் தூக்கிய தாயின் கையை நினைத்துக்கொள்ளலாம். பாரத்தை ஒரே புள்ளியில் சுமத்தாது, பல இடங்களிற் பகிர்ந்து ஏற்க வேண்டும். பொருளில் துளையிடுதலும் ஆணியறைதலும் பழைய காலத்தில் வழக்கமாக இருந்தன. இன்று அவை விலக்கப்பட்டவை. பொருளுக்கேற்பத் தாங்கியை மாற்றலாமேயன்றித் தாங்கிக்கேற்பப் பொருளை மாற்றுதல் ஆகாது.

துணிக்கும் நூலுக்கும் வேறு முறைகள். பழைய சேலையை ஆணியில் தொங்கவிட்டால் அதன் நிறையே இழைகளை அறுத்துவிடும். ஆதலின் அதனைச் சாய்வான பலகையிற் பரப்புவர். அல்லது மேல் விளிம்பு முழுவதிலும் ஒரு பட்டியைத் தைத்து, நிறை எங்கும் சமமாகப் பரவும்படி தூக்குவர். பழைய நூலை முழுவதும் விரித்து வைத்தால் முதுகு முறியும். அதற்குத் தொட்டில் போன்ற தாங்கியொன்றைச் செய்து, நூல் எவ்வளவு விரிய விரும்புகிறதோ அவ்வளவே விரித்து வைப்பர்.

பேழையே பகையாதல்

கண்ணாடிப் பேழை பொருளைக் காப்பதற்கென்றே செய்யப்படுகிறது. ஆயினும் பேழையே பொருளை அழித்த கதையும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த பைன் என்பவர், அலுமாரிகளில் வைத்த சிப்பி சங்குகளின்மேல் வெண்தூள் படர்ந்து அவை சிதைவதைக் குறித்து 1899ஆம் ஆண்டில் எழுதினார். அது ஒரு நோய் போலப் பரவுவதாகக் கருதப்பட்டது. இன்றும் அதனைப் ‘பைன் நோய்’ என்றே வழங்குகின்றனர். ஆனால் அது நோயன்று. அலுமாரியின் மரத்திலிருந்து, சிறப்பாக ஓக் மரத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அமில ஆவி எழுகிறது. நாம் சமையலிற் பயன்படுத்தும் வினாகிரியில் உள்ள அதே அமிலந்தான் அது. மூடிய பேழைக்குள் அவ்வாவி வெளியேற வழியின்றித் தேங்கிச் சிப்பியின் சுண்ணாம்பைத் தின்றுவிடுகிறது. ஈயப் பொருள்களையும் அது வெண்தூளாக்கிவிடும்.

அவ்வாறே பேழையின் அடியில் விரித்த கம்பளித் துணியில் கந்தகம் உண்டு. அது வெள்ளியைக் கறுக்கச் செய்யும். புதிதாய்ப் பூசிய நிறமைகள் பல நாள் ஆவி கக்கும். ஆகவே எந்தப் பலகை, எந்தத் துணி, எந்தப் பசை தீங்கற்றது என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். இதற்குப் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த அன்ட்ரூ ஒடி என்பவர் 1973ஆம் ஆண்டில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். சோதிக்கவேண்டிய பொருளின் சிறு துண்டொன்றை, சிறிது நீரோடும் வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் மெல்லிய தகடுகளோடும் ஒரு கண்ணாடிக் குழாயில் இட்டு மூடி, 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைப்பர். பின்னர் எடுத்துப் பார்க்கும்போது தகடுகள் பளபளப்பாய் இருந்தால் அப்பொருளைப் பேழையிற் பயன்படுத்தலாம். கறுத்தோ வெளுத்தோ இருந்தால் விலக்க வேண்டும். பெரும் பொறிகள் எவையும் இதற்கு வேண்டியதில்லை. இன்றும் உலகெங்கும் நூதனசாலைகள் இதனைக் கையாள்கின்றன.

ஈரப்பதன் மற்றொரு பகை. எம்முடையவை போன்ற வெப்ப நாடுகளில் மழைக்காலத்து வளியில் மிகுந்த ஈரமுண்டு. ஈரம் ஏறினால் பூஞ்சணம் படரும், இரும்பு துருப்பிடிக்கும். ஈரம் ஏறுவதும் இறங்குவதுமாக மாறிக்கொண்டிருப்பது அதனினும் தீயது. மரமும் தந்தமும் ஈரத்தை உறிஞ்சிப் பருத்தும், இழந்து சுருங்கியும், இறுதியில் வெடித்துவிடும். இதன் பொருட்டுப் பேழையின் அடியில் மறைவான தட்டொன்றில் சிலிக்கா என்னும் மணிகளை இடுவர். வளியில் ஈரம் மிகும்போது அவை உறிஞ்சும், குறையும்போது விட்டுக்கொடுக்கும்.

பேழைக்குள் பூச்சியும் புகுதலாகாது. பழைய மரமும் துணியும் ஏடும் வந்து சேர்ந்தவுடன் அவற்றை ஏனையவற்றோடு சேர்க்காது தனியே வைத்துப் பார்ப்பர். ஐயமிருப்பின், காற்றுப் புகாத பொலித்தீன் உறையில் இட்டு, பூச்சியமும் கடந்து 30 பாகை கீழான குளிரில் மூன்று நாள் வைப்பதுண்டு. புழுவும் முட்டையும் மடிந்துவிடும். நஞ்சு தெளிக்கும் அவசியமே இல்லை. ஆயினும் எல்லாப் பொருள்களும் அக்குளிரைத் தாங்கமாட்டா. சித்திரம் தீட்டிய பலகை போன்றவற்றுக்கு இம்முறை உகந்ததன்று.

வெளிச்சம் தின்னும் கணக்கு

பொருளைக் காண வெளிச்சம் வேண்டும். அதே வெளிச்சம் பொருளைத் தின்னவும் செய்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுதந்திரப் பிரகடனம் 1776ஆம் ஆண்டில் உருவானது. அந்நாட்டு மக்கள் போற்றும் அப்பத்திரம், 1841 முதல் 1876 வரை வாஷிங்ரன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் யன்னலுக்கு எதிரே உள்ள சுவரில் தொங்கவிடப்பட்டிருந்தது. யாவரும் கண்டு மகிழட்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். முப்பத்தைந்து ஆண்டு அவ்வாறு தொங்கியபின் பார்த்தால் மை வெளிறிப்போயிற்று. வேறு காரணங்களும் சேர்ந்திருப்பினும், வெளிச்சம் செய்த கேடு பெரிது. இன்று அப்பத்திரம் ஆகன் வாயு நிரப்பிய பேழைக்குள் மங்கிய ஒளியில் இருக்கிறது. எனினும் போன மை போனதே. உடைந்ததை ஒட்டலாம், துருவை நீக்கலாம், வெளிறிய நிறத்தை மீட்க எந்த வல்லுநராலும் இயலாது.

ஒளியின் அளவை ‘லக்ஸ்’ என்னும் அலகாற் கூறுவர். காகிதம், துணி, நீர்நிறச் சித்திரம் முதலிய மென்பொருள்களுக்கு 50 லக்ஸ் போதுமென்பது நெடுங்காலமாக நூதனசாலைகள் கொண்டுள்ள வரம்பு. எண்ணெய்ச் சித்திரங்களுக்கு 200 லக்ஸ் வரை அனுமதிப்பர். கல்லுக்கும் பீங்கானுக்கும் இக்கட்டுப்பாடு பெரிதாக இல்லை. கண்ணுக்குப் புலனாகாத ஊதா கடந்த கதிர்கள் இன்னும் கொடியன. அவற்றை வடிதாள் ஒட்டி முற்றாகத் தடுப்பர்.

மாணவர் இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். வெளிச்சத்தின் கேடு அதன் அளவையும் நேரத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது. நண்பகல் நேர்வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதில் ஒரு மணி நேரம் வைத்த பொருள் பெறும் வெளிச்சத்தை, 50 லக்ஸ் விளக்கின்கீழ்ப் பெறுவதற்கு 2,000 மணி நேரம் செல்லும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் திறந்திருக்கும் நூதனசாலையில் அது 250 நாள். ஒரு மணி நேர வெயில் 250 நாட் காட்சிக்குச் சமம்! நூதனசாலைக் கூடங்கள் ஏன் மங்கலாய் இருக்கின்றன என்று முணுமுணுப்போர் இக்கணக்கை நினைவிற் கொள்வாராக. சில ஓவியங்களும் துணிகளும் சில மாதம் காட்சியில் இருந்தபின் இருட்டறைக்குத் திரும்பி ஓய்வு கொள்வதும் இதனாலேயே.

எங்கே வைப்பது?

தாங்கியும் பேழையும் ஒளியும் சரியாக அமைந்த பின்னரும், இடம் தவறினால் யாவும் வீணாம். கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள பிற்ஸ்வில்லியம் நூதனசாலையில் சீன நாட்டுப் பீங்கான் சாடிகள் மூன்று படிக்கட்டின் பக்கத்து யன்னல் மேடையில் நெடுங்காலம் நின்றன. 2006ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒருநாள், பார்வையாளர் ஒருவர் தம் சப்பாத்தின் நாடா தடுக்கிப் படிக்கட்டில் விழுந்தார். விழுந்தவர் சாடிகளின்மேல் விழ, மூன்றும் சிதறின. துண்டுகளைப் பொறுக்கி இணைக்க வல்லுநர் பெரும்பாடு பட நேர்ந்தது. அம்மனிதரைக் குறை கூறிப் பயனென்ன? மக்கள் தடுக்கி விழுவர், பிள்ளைகள் ஓடுவர், பை தோளிலிருந்து நழுவும். இவையெல்லாம் நிகழும் என்று எண்ணியே இடத்தைத் தெரிதல் வேண்டும்.

நிலநடுக்கம் மிகுந்த ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் மனிதர் மட்டுமன்றி நிலமும் தடுக்கி விழுகிறது. அங்கே கனத்த சிலைகளை நேரே தரையில் நிறுத்தாது, நிலம் ஆடும்போது தான் ஆடாது வழுக்கி நிற்கும் மேடைகளின்மேல் நிறுத்துகின்றனர். சிறு பொருள்களின் அடியில் சிறிதளவு மெழுகு வைப்பதும், மெல்லிய நைலோன் இழையாற் கட்டி வைப்பதும் உண்டு.

பெரிய பொருள்களை நிறுவுவது ஒரு தனிக் காவியம். 1891ஆம் ஆண்டில் அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் துறைமுகத்தருகே நீலத்திமிங்கிலமொன்று கரையொதுங்கியது. அதன் எலும்புக்கூட்டை இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை வாங்கிற்று. பல்லாண்டு காலம் அது பாலூட்டிகள் கூடத்தில் கிடையாகத் தொங்கியது. 2017ஆம் ஆண்டில் அதனை நடு மண்டபத்துக்கு மாற்றினர். 25.2 மீற்றர் நீளம், 221 எலும்புகள், நாலரைத் தொன் நிறை. ஒவ்வோர் எலும்பையும் கழற்றித் துடைத்து, ஆராய்ந்து, பழுது நீக்கி, உருக்குச் சட்டத்திற் பொருத்தினர். இம்முறை கிடையாக அன்று. இரைதேடி வாய்பிளந்து பாயும் கோலத்தில் தொங்கவிட்டனர். எலும்புகள் அவையே, நிறுத்திய முறை மாறியதும் செத்த திமிங்கிலம் உயிர்பெற்று நீந்துகிறது. தாங்கியும் ஒரு மொழி பேசும் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

சிறு குறிப்பும் பெருங் கல்லும்

எஞ்சியது பொருளின் அருகே வைக்கும் குறிப்பு. நின்றுகொண்டு படிப்பவர் ஐம்பது அறுபது சொல்லுக்குமேல் பொறுமை காட்டார். ஆதலின் குறிப்பெழுதுபவர் தாம் அறிந்த யாவற்றையும் எழுத விழையாது, காண்பவர் கண்ணைப் பொருளின்பால் திருப்பும் ஒன்றிரண்டு செய்திகளையே எழுத வேண்டும். ‘இதன் இடது காதைப் பாருங்கள்’ என்னும் ஒரு வாக்கியம், ஆண்டுகளின் நீண்ட பட்டியலைவிடப் பயனுடையது. சுவரில் தொங்கும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சதமமீற்றர் உயரத்தில் அமைவது வழக்கம். சிறுவருக்கும் சக்கரக் கதிரையில் வருவோருக்கும் உரியவற்றை இன்னும் தாழ்த்தி வைப்பர்.

எமது நாட்டில் இக்குறிப்பு மூன்று மொழிகளில் அமைய வேண்டியிருப்பது தனிச் சிக்கல். சிறிய அட்டையில் மூன்று மொழிகளையும் திணித்தால் எதனையும் படிக்க இயலாது. ஒன்றைச் சிறிதாக்கினால் அம்மொழியினர் மனம் நோவர். ஒன்றை எழுதி மற்றவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பெயர்ப்பு உயிரற்றுப் போகும்.

இச்சிக்கல் எமக்குப் புதிதன்று. 1877ஆம் ஆண்டு முதல் கொழும்பு மாநகரில் இயங்கிவரும் தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு வைக்கப்பட்டிருக்கிறது. சீனக் கடற்றலைவர் செங் ஹே கொணர்ந்த அக்கல், 1409ஆம் ஆண்டைத் தன் காலமாகக் குறிக்கிறது. 1911ஆம் ஆண்டில் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. வியப்பென்னவெனில், அம்மூன்றும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அன்று. சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் காணிக்கை கூறுகின்றது. ஒவ்வொரு மொழியினரிடமும் அவரவருக்கு உரியதைப் பேசிய அக்கல், இன்றைய குறிப்பெழுதுவோருக்கும் பாடம் புகட்டுகிறது.

எம் வீட்டு நூதனசாலை

இவையெல்லாம் பெரிய நூதனசாலைகளுக்கு உரியன. எமக்கென்ன என்று வாசகர் எண்ணுதல் வேண்டாம். எம்மவர் வீடு ஒவ்வொன்றும் ஒரு சிறு நூதனசாலையே. பாட்டனாரின் புகைப்படம், அம்மம்மாவின் கூறைப்புடவை, பரம்பரையாக வந்த ஏட்டுச்சுவடி, ஊரைவிட்டு நீங்கியபோது கையோடு கொண்டுவந்த காணி உறுதி என்று ஏதேனும் ஒன்று எந்த வீட்டில் இல்லை? இழந்தால் வேறெங்கும் வாங்க முடியாதவை அவை. கெய்ரோவின் பொன் முகத்தைச் செப்பனிட வல்லுநர் குழுவொன்று வந்தது. எம் பாட்டனாரின் படத்துக்கு எவர் வருவர்?

ஆதலின் மேலே கண்ட விதிகளை வீட்டிலும் கைக்கொள்வோம். கிழிந்த கடிதத்தைச் செலோரேப் கொண்டு ஒட்டாதிருப்போம். சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் ஊறிவிடும். பழைய பத்திரங்களைப் பிளாஸ்ரிக் தாளிடையே வைத்துச் சூடேற்றி மூடும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். அதிலிருந்து காகிதத்தை மீண்டும் பிரித்தெடுத்தல் அரிது. புகைப்படத்துக்குச் சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதவாறு ஓரத்தில் அட்டை வைக்கச் சொல்வோம். வெயில் படும் சுவரைத் தவிர்ப்போம். இன்னும் சிறந்த வழியொன்றுண்டு: படத்தைப் பிரதி எடுத்துப் பிரதியைச் சுவரில் மாட்டி, மூலத்தை இருட்டிலும் உலர்ந்த இடத்திலும் வைப்பதே அது. கூறைப்புடவையை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைக்காது, தூய வெண்பருத்தித் துணியிற் சுற்றி, இடையிடையே மடிப்பை மாற்றி வைப்போம். சரிகையில் வெள்ளியிருப்பின் றப்பர், கம்பளி முதலியவற்றின் அருகே வையாதிருப்போம். ஏட்டுச்சுவடியின் கயிற்றை இறுகக் கட்டாமலும், மடங்கிய ஓலையை வலிந்து நிமிர்த்தாமலும் விடுவோம்.

பாடசாலைக் கண்காட்சிகளுக்கும் இதுவே பொருந்தும். மாணவர் வீடுகளிலிருந்து பழம்பொருள்களைக் கொண்டுவருவர். ஆசிரியர் ஒரு கொப்பியைத் திறந்து, எவருடையது, எந்த நிலையில் வந்தது என்று முதல் நாளே எழுதிவைத்தால், இறுதி நாளிற் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. பொருளின்மேல் பெயர்த்துண்டை ஒட்டாது, அருகே தனி அட்டையில் எழுதி வைக்கலாம். ஆணியும் குண்டூசியும் பலகைக்கு உரியன, பழம்பொருளுக்கு உரியனவல்ல. மேசையின் ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே வைப்பதற்குப் பணச்செலவு எதுவுமில்லை.

அடுத்த முறை நூதனசாலைக்குச் செல்லும்போது, பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். பேழையுள் இருக்கும் பொருளைக் கண்டபின், சற்றே குனிந்து அதன் அடியை நோக்கச் சொல்லுங்கள். பொருளின் நிறமே தீட்டிய மெல்லிய பித்தளைக் கம்பியொன்று எங்கேனும் மறைந்திருக்கும். அதனைக் கண்டுபிடித்த பிள்ளை ஆரவாரிப்பது நிச்சயம். அக்கம்பியை வளைத்தவரின் பெயர் எந்தக் குறிப்பிலும் இராது. தம் வேலை கண்ணிற் படாதிருப்பதையே வெற்றியாகக் கொண்டு அவர் அடுத்த பொருளுக்குப் போயிருப்பார். அவர் ஏந்திக் கொடுத்த அப்பொருளோ, அப்பிள்ளையின் பேரப்பிள்ளைகளும் வந்து காணும்படி அங்கே நின்றுகொண்டிருக்கும்.